ஓவனில் சுட்ட சிப்ஸும் ஒரு டப்பா இந்துப்பும்

எங்கள் வீட்டில் காலை தினசரிக் காலண்டருக்கு முன்னால்தான் தொடங்கும். மகள் எழுந்ததும் முதல் சிறுநீரை ஒரு சின்னக் கப்பில் பிடித்துக் கொண்டுவந்து தருவாள். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மூன்று சொட்டு அமிலம் விட்டு, காலண்டர் தாளுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பேன். குழாய்க்குப் பின்னால் இருக்கும் தேதி தெளிவாகத் தெரிந்தால் சிறுநீரில் புரதம் இல்லை. மங்கலாகத் தெரிந்தால் இருக்கிறது. தேதியே தெரியாமல் வெளுத்துப்போய்விட்டால் பையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அவளுக்கு எட்டு வயதில் இது ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் கண் இரண்டும் வீங்கியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்றேன். மறுநாள் தலையணை உறையில் ஏதோ சேரவில்லை என்று உறையை மாற்றினோம். மூன்றாம் நாள் யூனிஃபார்மின் இடுப்புக் கொக்கி மாட்டவில்லை. சிறுநீரகத்தில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறது, அது புரதத்தைப் பிடித்து வைக்காமல் ஒழுக விடுகிறது, அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். மாத்திரைக்குக் கேட்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரும், பெரியவளாக ஆக நின்றுபோகும் என்றார். அதுவரை பார்த்துக்கொள்ள வேண்டியது எங்கள் வேலை. உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சோதனைக் குழாயும் சொட்டு அமிலமும் எனக்குப் புதிதில்லை. மற்ற பெற்றோரைவிட இதை நன்றாகச் செய்வேன் என்றுகூட அப்போது நினைத்தேன். இப்போது எழுதும்போது அந்த நினைப்பின் மேல்தான் எனக்கு முதல் கோபம் வருகிறது.

மாத்திரை வேலை செய்தது. குழாய்க்குப் பின்னால் தேதி தெரியத் தொடங்கியது. ஆனால் மாத்திரையோடு ஒரு பசியும் வந்தது. நாலு இட்லி சாப்பிட்டுக் கைகழுவி வந்து, அடுத்து என்ன என்று கேட்பாள். அதுவும் உப்பில்லாத இட்லி. உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத கூட்டு. அவளுக்காக நாங்களும் அப்படியே சாப்பிட்டோம். என் மனைவி வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மதியம் அங்கே டப்பாவைத் திறந்து, பக்கத்து மேஜைக்காரி ஊறுகாயை நீட்டினால்கூட வேண்டாம் என்றுவிடுவாளாம். எதிரில் இருப்பவர்களுக்கு அது ஏதோ வேண்டுதல் என்று நினைப்பு.

பிறகு சீசன் வந்தது. தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் சாரல் காற்று வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துணி காயாது, தீப்பெட்டி உரசாது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் குளித்துவிட்டு வந்து கதை சொல்கிறது. இவளுக்கு அருவிக் கூட்டமும் ஆகாது, ஈரத் தலையும் ஆகாது. சும்மா பார்த்துவிட்டாவது வருவோம் என்றாள். ஒரு வேலைநாள் சாயங்காலம், கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டி பைக்கில் உட்காரவைத்து குற்றாலம் கூட்டிப்போனேன்.

அருவியைத் தூரத்தில் நின்று பார்த்தோம். திரும்பி வரும்போது சிப்ஸ் கடை வரிசை. ஒருவர் நேந்திரங்காயை எண்ணெய்க்கு மேலேயே வைத்துச் சரசரவென்று சீவித் தள்ளிக்கொண்டிருந்தார். வில்லைகள் எண்ணெயில் பூப்போல விரிந்தன. ஒரு சின்னக் குவளையில் இருந்த மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரை அவர் உள்ளே ஊற்றியதும் சட்டி முழுக்கப் பொங்கி இரைந்தது. அவள் நின்றுவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

"வாங்கவெல்லாம் வேண்டாம்ப்பா. வாசனை மட்டும் புடிச்சுக்கிடுதேன்."

வீட்டுக்கு வந்ததும் நான் பரணில் ஏறினேன். ஊரடங்குக் காலத்தில் எல்லோரும் கேக் செய்தபோது நாங்களும் ஒரு சின்ன ஓவன் வாங்கி, நாலு கேக்கோடு தூக்கி மேலே போட்டிருந்தோம். அதை இறக்கித் துடைத்தேன். எண்ணெயில் பொரிக்காமல் சூட்டிலேயே காய்கறி சிப்ஸ் செய்யலாம் என்று எங்கோ பார்த்திருந்தேன். சட்டி இல்லை, எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. ஆனால் மொறுமொறுப்பு இருக்கும். அவளுக்குத் தேவை அந்தச் சத்தம்தான் என்று நினைத்தேன்.

முதல் முறை பீட்ரூட். காய் சீவும் பலகையில் சீவினால் கடைசித் துண்டு வரும்போது விரலும் சேர்ந்து வரும். அதையும் மீறி, காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவித் தட்டில் பரப்பினேன். ஓரம் கருகிப்போய் நடு தோல்மாதிரி இழுத்தது. அடுத்து மரவள்ளிக்கிழங்கு. அது பல்லைப் பதம் பார்த்தது. சேப்பங்கிழங்கை வேகவைத்து வில்லையாக்கி வைத்தேன், தட்டோடு ஒட்டிக்கொண்டது. அவள் ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்து, நல்லாத்தான் இருக்கு என்றாள். மறுவாரம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விழுந்த சாக்ஸை எடுக்கக் குனிந்தபோது மிச்சச் சீவல்கள் அங்கே கிடந்தன. நான் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

ஏன் மொறுமொறுப்பாக வரவில்லை என்று எனக்குத் தெரியும். காய்க்குள் தண்ணீர் இருக்கிறது. சுடுவதற்கு முன்னால் அதை வெளியே எடுக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி, சீவலின் மேல் உப்பைத் தூவிக் கொஞ்ச நேரம் வைப்பது. உப்பு தண்ணீரை இழுத்து மேலே கொண்டுவரும், துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். ஆனால் உப்பு கூடாது.

இதைச் சமையலறையில் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது என் மனைவி அலமாரியின் மேல் தட்டில் இருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"இந்துப்பு இருக்குல்லா" என்றாள்.

எங்கள் வீட்டில் அது பல வருடமாக இருக்கிறது. ஐப்பசியில் சஷ்டிக்கு அவள் ஆறு நாளும் உப்பில்லாமல் விரதம் இருப்பாள். உப்புதான் கூடாதே ஒழிய இந்துப்பு சேர்க்கலாம். அவள் அம்மா வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், இந்தத் தெருவில் விரதம் இருக்கிற எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். அந்த ஆறு நாளும் இந்துப்பு போட்ட சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, உப்பில்லாமல் இருக்கிறேன் என்று அவள் சொல்வாள். நானும் மற்றவர்களிடம் அப்படியே சொல்வேன். அதில் பொய் இருப்பதாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள நான் போன இடம் நாட்டு மருந்துக் கடை. பள்ளிக்கூட நூலகத்துக்கோ டாக்டரிடமோ போகவில்லை. கடைக்கார அண்ணாச்சி, இது உப்புக் கணக்கிலேயே வராது, கிட்னிக்கு ரொம்ப நல்லது, பிளட் பிரஷர்காரர்களெல்லாம் இங்கேதான் வாங்கிப்போகிறார்கள் என்று சொல்லி, இன்னொரு பாக்கெட்டையும் கட்டிக் கொடுத்தார். வெளுத்த ரோஜா நிறத்தில் கல் கல்லாக இருந்தது. பார்க்கவே மருந்து மாதிரி இருந்தது.

மறுநாள் ஞாயிறு. நேந்திரங்காயும் பீட்ரூட்டும் சேனையும் சீவி, இந்துப்பைப் பொடித்துத் தூவி, கால் மணி நேரம் வைத்தேன். ஒவ்வொரு சீவலின் மேலும் முத்து முத்தாக வேர்த்தது. வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, மிளகுத்தூள் போட்டு, குறைந்த சூட்டில் வைத்து, பாதியில் திருப்பிவிட்டேன். ஓவன் டிங் என்றதும் கதவைத் திறந்தால் ஓரம் சுருண்டு, கலகலவென்று கிடந்தன. ஒன்றை வாயில் போட்டேன். உப்பு போடாமலே உப்புக் கரிக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். இதைச் சொல்லிச் சொல்லி மனைவிக்கும் ஒன்று கொடுத்தேன்.

மகள் முதல் சீவலை நாக்கில் வைத்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கா என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு கடை மாதிரி இருந்தது. சாரல் நேரத்தில் எந்தப் பொருளும் ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பா இரண்டு வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் காய் சீவ உட்கார்ந்துவிடுவேன். அவள் பள்ளிக்கும் கொண்டுபோனாள். தோழிகளுக்கெல்லாம் கொடுத்தாளாம், கடைச் சிப்ஸ் தோற்றுவிடும் என்றார்களாம். காலண்டர் தேதி தினமும் தெரிந்துகொண்டிருந்தது. இடையில் ஒருநாள் மூக்கு ஒழுகியது. ஆவி பிடிக்கச் சொன்னோம். அன்றைக்கும் சிப்ஸ் கேட்டாள், கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துக் குழாயைத் தூக்கிப் பிடித்தபோது தேதி இல்லை. காலண்டரில் சாமி படம் இருக்கிறது, கிழமை இருக்கிறது, குழாய்க்குப் பின்னால் மட்டும் ஒன்றுமே இல்லை. இன்னொரு முறை செய்தேன். அதே வெள்ளை. டாக்டருக்குப் போன் செய்தோம், மாத்திரையைக் கூட்டச் சொன்னார், வீக்கம் ஏறினால் உடனே வரச் சொன்னார். மறுநாள் காலையில் முகம் அவள் முகமாக இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள்.

ஒரு காரைப் பிடித்துக் கிளம்பினோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் நின்று, வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் பக்கத்தில் எப்போதும் அப்படித்தான், கொஞ்ச தூரம் கிழக்கே போனால் சீசனே இல்லாத மாதிரி இருக்கும். கண் கூசி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள், எழுந்து உட்கார்ந்து என் பக்கம் கையை நீட்டித் துழாவினாள்.

"யப்பா, லைட்டைப் போடுங்க" என்றாள்.

மணி பதினொன்று. அவள் முகத்தின் மேலேயே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தச் சாலையில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. நான் லைட்டைப் போடுகிறேன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. டிரைவர் ஒன்றுமே கேட்காமல் கார் விளக்கைப் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். என் மனைவி அவள் கண்ணின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் ஏறியதில் பார்வை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அதைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். சாயங்காலம் நிழல் தெரிந்தது, மறுநாள் மதியம் என் சட்டை நிறத்தைச் சொன்னாள். பார்வை முழுதாகத் திரும்பிவிட்டது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பார்வை வந்த பிறகுதான் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டார். உப்பு எவ்வளவு என்றார். உப்பே கிடையாது, இந்துப்பு மட்டும்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். எதில் போட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நாள் என்று மெதுவாகக் கேட்டார். நான் ஓவனைப் பற்றி எல்லாம் சொன்னேன். கடைசியில், மரியாதைக்குக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"சார் டீச்சர்னு சொன்னீங்க. எந்த சப்ஜெக்ட்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. இந்துப்பு என்பது பூமிக்குள் இருந்து வெட்டி எடுக்கிற சோடியம் குளோரைடு. கடலில் இருந்து எடுத்தாலும் அதுதான், மலையில் இருந்து வெட்டினாலும் அதுதான். கொஞ்சம் இரும்பும் மண்ணும் சேர்ந்து ரோஜா நிறமாக இருக்கிறது, அவ்வளவே. இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், பரீட்சைக்கும் கேட்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்ததை என் வீட்டு அலமாரியின் மேல் தட்டுக்கு நான் கொண்டுபோகவே இல்லை. என் மனைவிதான் பதில் சொன்னாள். கெமிஸ்ட்ரி என்றாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. நோய் திரும்பி வந்தது சளியால், உப்பால் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். வீக்கம் இவ்வளவு ஏறியதிலும் பிரஷர் இவ்வளவு போனதிலும் மட்டும் உப்புக்குப் பங்கு இருக்கலாம் என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் இன்றைக்கும் தாண்டி வரவில்லை. சீவலுக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்த அதே உப்பு, அவள் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. முத்து முத்தாக வேர்த்த சீவல்கள் கண்ணை மூடினால் வருகின்றன.

வீட்டுக்கு வந்ததும் இந்துப்பு டப்பாவைத் தேடினேன். அதற்குள் மனைவி எடுத்துவிட்டிருந்தாள். அந்த வருடம் சஷ்டிக்கு அவள் ஆறு நாளும் மெய்யாகவே உப்பில்லாமல் இருந்தாள். டப்பாவை எடுத்துத் தந்தது அவள், தூவியது நான். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஓவனை நான் திரும்பவும் பரணில் ஏற்றவில்லை. துணி போட்டு மூடிவைத்தேன். டிங் என்று ஏதாவது சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டுக் குக்கர் டைமராக இருந்தாலும், நெஞ்சுக்குள் தூக்கிப்போட்டது. மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, தேதி எல்லா நாளும் தெரிந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அவள் சமையலறையில் வந்து நின்று ஓவன் துணியை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அது உப்புன்னு எனக்குத் தெரியும்ப்பா. நாக்குல வச்ச உடனே தெரிஞ்சிட்டு. நீங்க உப்பு இல்லைன்னு சொன்னீய. நான் ஒண்ணும் சொல்லல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"சொன்னா நிப்பாட்டிருவீயல்லா" என்றாள். பிறகு, "அதனாலதான் எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சா?"

இரண்டு மாதமாக அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். நான் என் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் அலைந்ததில், அவளும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்ததைப் பார்க்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"ஏட்டி, இங்க பாரு. நீ நாக்குல வச்சுக் கண்டுபிடிச்ச. நான் படிச்சிருந்தும் கண்டுபிடிக்கல. தப்பு முழுக்க என் மேல. உன் மேல ஒண்ணும் கிடையாது."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் துணியைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு, சிப்ஸ் செய்யலாமா என்றாள்.

எனக்குக் கை வரவில்லை. ஆனால் முடியாது என்று சொன்னால் அவள் கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும் என்று பயமாக இருந்தது. ஓவனைத் துடைத்தேன். இந்த முறை தூவ ஒன்றும் இல்லை. சீவலை ஒரு துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே இரண்டு மணி நேரம் காயவிட்டேன். தண்ணீர் போகிற வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. எலுமிச்சைச் சாறு, வறுத்த சீரகம், மிளகு. சூட்டை இன்னும் குறைத்து, நேரத்தைக் கூட்டினேன். பாதிக்குப் பாதிதான் மொறுமொறுப்பாக வந்தது.

அவள் ஒன்றை எடுத்து நாக்கின் நுனியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். என் உயிர் அந்த நாக்கின் மேல் இருந்தது.

"உப்பு இல்ல" என்றாள். பிறகுதான் கடித்தாள். நல்லா இருக்கா என்று கேட்டேன். நல்லா இல்லப்பா, ஆனா சத்தம் வருது என்றாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இப்போது ஒன்றும் விழுவதில்லை. நல்லா இல்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டு முறை. எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் அவள் நாக்கு, பிறகுதான் தட்டு. ஒருமுறை கடை ரொட்டியை நாக்கில் வைத்துவிட்டு, இதுல இருக்கு என்று திருப்பித் தந்துவிட்டாள். கவரைப் பார்த்தேன், இருந்தது.

இப்போது அடுத்த சீசன் வந்திருக்கிறது. போன வாரம் ஒரு சாயங்காலம் நானும் அவளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, புதிதாகச் சுட்ட சேப்பங்கிழங்குச் சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தோம். மனைவி இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மகள் வீட்டுப்பாடப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்.

"யப்பா, லைட்டைப் போடுங்க."

என் வாயில் இருந்த சீவல் அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், மறுபடியும் கண்ணைப் பார்த்தேன். கை தானாகவே அவள் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அவள் புத்தகத்தை மூடி, என் விரலை எடுத்துத் தன் காலில் தானே அழுத்திக் காட்டினாள். குழி விழவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். மலையை முழுக்க மேகம் மூடி, கொல்லைச் சுவர்கூடத் தெரியாமல் சாரல் இறங்கியிருந்தது.

"நெசமாவே இருட்டாத்தான்ப்பா இருக்கு" என்றாள்.

எழுந்து போய் சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் அவள் கண்ணைச் சுருக்கினாள். தட்டில் இரண்டு சீவல்கள் மிச்சம் இருந்தன. அதற்குள் நமத்துவிட்டிருந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.